பொட்டும் சட்டையும்

நான் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதுகிறேன். இதைச் சொன்னதும் படித்தவர்கள் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வரும். எனக்கு அது பழகிவிட்டது. அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் சாயங்காலம் பாத்திரம் தேய்த்தபடி என் வசனத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம் கேட்டால் போன வாரம் கதை எங்கே நின்றது என்று பிசகாமல் சொல்வார்.

எங்கள் தொடரில் இரண்டு ஓரகத்திகள், அதாவது அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள். பெரியவள் நெற்றி நிறையப் பொட்டு வைத்து, தலை வாரிப் பூ வைத்து, மெதுவாகப் பேசுவாள். சின்னவள் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, மொபெட் ஓட்டி, தெருவே கேட்கும்படி பேசுவாள். அவர்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் கதை இலாகாவில் யாரும் பெயர் சொல்ல மாட்டோம். ஒருத்தி பொட்டு, இன்னொருத்தி சட்டை. "பொட்டு உள்ளே வருகிறாள், சட்டை முறைக்கிறாள்" என்றுதான் தாளிலேயே எழுதுவேன்.

இந்த இருவரையும் நான் கற்பனை செய்யவில்லை. பொட்டு என் அம்மா. சட்டை என் சித்தி, அப்பாவின் தம்பி மனைவி.

எங்கள் ஊர் வடக்கனந்தல் பக்கம். சொந்த நிலம் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் கரும்பு லோடு ஏற்றப் போவார்கள். அம்மா வீட்டைப் பார்த்துக்கொள்வாள், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துச் சமைப்பாள். சித்தி கூலி வேலைக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிற மேஸ்திரி. களை எடுப்பது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, கரும்பில் தோகை உரிப்பது எல்லாம் அவளுடைய ஆட்கள்தான். தோகை உரிக்கிற வேலை பார்த்திருக்கிறீர்களா? காய்ந்த கரும்பு இலையின் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், கை வைத்தால் கோடு கோடாகக் கிழிக்கும். அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். சித்தி கழற்ற மாட்டாள். பைக்குள் செல்போன், வெற்றிலை, வண்டிச் சாவி மூன்றும் கிடக்கும். கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் கழற்றிவிட்டு, "கை காத்தாடுதுடி, இன்னாமோ மாதிரி இருக்குது" என்று நெளிவாள்.

அம்மா ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதற்காக அவள் நினைத்தது நடக்காமல் போனதும் இல்லை. எனக்குப் பள்ளிச் சுற்றுலா போக ஆசை, அவளுக்கு அனுப்ப மனமில்லை என்றால், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க உட்காருவாள். ஏற்கெனவே மடித்து வைத்ததை உதறி மறுபடி மடிப்பாள். மூன்றாவது புடவைக்கு வருவதற்குள் நானே போகவில்லை என்று சொல்லியிருப்பேன். வாசலில் விளக்கு ஏற்றும் முன் முகம் கழுவிப் பவுடர் போட்டு, பொட்டு நடுவில் இருக்கிறதா என்று கண்ணாடியில் இரண்டு தரம் பார்ப்பாள். யாரும் வரப்போவதில்லை என்றாலும் பார்ப்பாள்.

சித்திக்குக் கொஞ்சத் தெரியாது. அவளுடைய கொஞ்சல் எல்லாம் திட்டுதான். எனக்குக் காய்ச்சல் வந்தால், "இன்னாடி, இதான் சமயமா உனக்கு? ஆளுங்க காட்டுல நிக்கிறாளுங்க" என்று கத்திக்கொண்டே வண்டியில் பின்னால் உட்கார வைத்து, துண்டால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவாள். வழி முழுக்கத் திட்டு. அந்தச் சட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வியர்வையும் வெற்றிலையும் கலந்த வாசனையில் நான் தூங்கிவிடுவேன். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய மாற்றமில்லை.

நான் பெரிய மனுஷி ஆனதும் அம்மா எனக்குப் பூக்கட்டவும், பெரியவர்கள் எதிரில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காரவும் சொல்லிக்கொடுத்தாள். சித்தி ஒரு ஊக்கு கொடுத்தாள். "பஸ்ல எவனாச்சும் ஒரசுனா குத்து. அவன் கத்துனா நீ அவனவுட ஜாஸ்தியா கத்து." இரண்டு பாடமும் பிற்பாடு உபயோகப்பட்டன. ஆனால் நான் பொட்டா சட்டையா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று விழிப்பேன்.

சென்னைக்கு வந்து இந்த வேலையில் சேர்ந்து, முதல் முறையாக ஒரு கதை சொல்லச் சொன்னபோது இவர்கள் இருவரையும்தான் சொன்னேன். இயக்குநர் துள்ளிக் குதித்தார். "ஒருத்தி தென்றல், ஒருத்தி புயல்! பிரமாதம்மா!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் புயலை நம்பலாம், வருவது முன்கூட்டியே காதில் விழும். தென்றல்தான் சத்தமில்லாமல் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும். அதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. கதை ஓகே ஆன சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தேன்.

முதல் ஆறு மாதம் எங்கள் ஊரில் சித்திதான் ராணி. "டிவில வர்ற சட்டைக்காரி யாருன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? நான்தான். அந்தப் பொட்டுக்காரி எங்க அக்கா" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டாள். அவர்களும் தோகை உரிக்க உரிக்க, அடுத்து என்ன நடக்கும் என்று அவளைத்தான் கேட்பார்கள். அவளுக்கு என்ன தெரியும்? தன் இஷ்டத்துக்கு ஒரு கதை அடித்துவிடுவாள். அது சில சமயம் எங்கள் கதையைவிட நன்றாகவே இருக்கும். எனக்கு வாரா வாரம் வாட்ஸப்பில் குரல் செய்தி வரும். "இன்னாடி அவ, தோகை உரிக்கிறவ சட்டைய தேச்சி போட்டுக்கினு வர்றா? கால்ல ஒரு துளி சேறு இல்ல. சொல்லுடி அவளாண்ட." கூடவே புதுப்புதுத் திட்டுகளாக நாலைந்து அனுப்பி, "இத வச்சிக்கோ" என்பாள். அவற்றில் இரண்டை நிஜமாகவே வசனத்தில் சேர்த்தேன். மீதியைச் சேர்த்தால் சேனலை மூடிவிடுவார்கள்.

அம்மா தொடரைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, "அந்தப் பொண்ணு பொட்டு கொஞ்சம் எறக்கி வைக்கிறா" என்றாள்.

அப்புறம் பார்ப்பவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். சேனலில் இருந்து ஆள் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தா ஜனங்க யாரைத் திட்டுவாங்க?" என்று கேட்டார். கேள்வி கேட்கும்போதே பதிலும் கையில் இருந்தது. சட்டை போட்டவள், சத்தமாகப் பேசுகிறவள், வண்டி ஓட்டுகிறவள், அவளைத் தவிர வேறு யார் கெட்டவளாக முடியும்? பொட்டு கர்ப்பமாக இருக்கிறாள். சட்டை அவள் பாலில் விஷம் கலக்கிறாள். திங்கட்கிழமை எபிசோட்.

மூன்று மணி நேரம் வாதாடினேன். கத்துகிறவர்கள் விஷம் வைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். "நல்ல பாயிண்ட், ஆனா டிவிக்கு ஒத்து வராது" என்றார்கள். கடைசியில் எழுதிக்கொடுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் சொன்னால் அது பொய். ஊருக்கு ஒரு போன் போட்டு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

எபிசோட் வந்த வாரம் சித்தியிடமிருந்து குரல் செய்தி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அம்மா கூப்பிட்டாள். "ஒரு தபா வந்துட்டுப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தக் குரலில் அவள் துணி மடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் இறங்கி ஊருக்குப் பஸ் ஏறியபோது, சித்தியின் ஆட்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள். சித்தி தினமும் வேலைக்காட்டுக்கு எல்லோருக்கும் கேனில் டீ கொண்டுபோவாள். எபிசோட் வந்த மறுநாள், அவள் டீ ஊற்றும்போது யாரோ விளையாட்டுக்கு, "மேஸ்திரி, நீ ஒரு வாய் குடிச்சிட்டு ஊத்து, உன்ன நம்ப முடியாது" என்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்து ஒரு வாய் குடித்துவிட்டு ஊற்றினாள். மறுநாளும் அதே பேச்சு. மூன்றாம் நாளும். அன்றைக்குக் கேனை அப்படியே வாய்க்காலில் கவிழ்த்துவிட்டாள். அதற்கப்புறம் டீ கிடையாது.

"சட்டையும் போடறது இல்ல. கையெல்லாம் கிழிச்சிக்கினு ரத்தமா நிக்குது. இன்னா மேஸ்திரின்னா பேச மாட்டேங்குது. திட்டுனா கூட நல்லா இருக்கும், அதுவும் கம்மியாயிடுச்சி" என்றாள் அவள். கொஞ்ச நேரம் ஜன்னலில் மலையைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசத்துலருந்து வேற மேஸ்திரி யாரையாச்சும் பாத்துக்கோங்கன்னு சொல்லிடுச்சி. நாங்க சிரிப்புக்குத்தான் சொன்னோம், சத்தியமா" என்றாள்.

என்னால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அவர்கள் மூன்று நாள்தான் சிரித்தார்கள். எழுதியவள் நான்.

வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்கும் சித்திக்கும் பொது. அங்கே அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் சித்தி வேலையிலிருந்து வந்தாள். புடவை மட்டும்தான். இரண்டு கையிலும் முழங்கை வரை சிவப்புக் கோடுகள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"வாங்க" என்றாள். "எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?"

பிறந்த நாளிலிருந்து அவள் என்னை 'டி' போடாமல் கூப்பிட்டதில்லை. ஊர் பெரியவர்களுக்கும் ஆபீசர்களுக்கும் போடுகிற அந்த 'ங்க' இப்போது என்மேல் விழுந்தது. அதற்குப் பதில் அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். சேனல், ரேட்டிங், என் கையில் ஒன்றும் இல்லை, வேலை போய்விடும் என்றெல்லாம்.

"அது இன்னாங்க, கதைதானே. நமக்கு இன்னா தெரியும், நம்ம படிச்சவங்களா" என்று சொல்லிக்கொண்டே குழாயில் கை கழுவினாள். தண்ணீர் பட்டதும் எரிச்சலில் முகம் சுருங்கியது.

"சித்தி, உன் கால்ல விழறேன், ஒரு வார்த்தை திட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். குழாயடியில் இருந்த குடத்தைத் தூக்கிக் கீழே போட்டாள்.

"நான் வெஷம் வைக்கிறவளாடி? சொல்லு. எனக்கு ஒருத்திய புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா கேப்பேன். நாலு பேரு கூடுற மாதிரி கேப்பேன். அன்னிக்கு ராவு நிம்மதியா தூங்குவேன். பதுங்கிப் பதுங்கிப் போயி பால்ல கலக்குறவளா நானு? அதுவும் புள்ளதாச்சிக்கு! கெட்டவன்னு எழுதுடி, வேணான்னு சொல்லல. ராங்கிக்காரின்னு எழுது, வாயாடின்னு எழுது. ஒளிஞ்சி செய்யறவன்னு எழுதிட்டியே. இத்தினி வருஷம் என் முதுவுலயே தொங்கிக்கினு இருந்தியே, உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்பதுதான் உண்மை. தெரிந்தே எழுதினேன்.

அப்போது அம்மா கீரையிலிருந்து தலை தூக்காமல், எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "அவ செய்ய மாட்டா. நான்தான் செஞ்சவ."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

சித்தி கல்யாணமாகி வந்த புதிதில் நடந்த ஒரு விருந்துக் கதை எங்கள் வீட்டில் உண்டு. புது மருமகள் முதல் முதலாகச் சொந்தக்காரர்களுக்குக் கறிக்குழம்பு வைத்தாள். வாயில் வைக்க முடியாத உப்பு. அப்படியே இலையில் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். தாத்தா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சின்னவளுக்கு அடுப்பு வேண்டாம், காட்டு வேலைக்குப் போகட்டும், சமையல் பெரியவள் பார்க்கட்டும். வேலை இரண்டாகப் பிரிந்தது அன்றைக்குத்தான். ஒருத்தி வீட்டோடு இருந்து பவுடர் போட்டுக்கொண்டாள், இன்னொருத்தி சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். இருவரும் பிறவியிலேயே அப்படித்தான் என்று நினைத்து நான் வளர்ந்தேன், அதை வைத்துத் தொடரும் எழுதினேன்.

"அன்னிக்கு அந்தக் கொழம்புல ஒரு கை உப்ப நான்தான் அள்ளிப் போட்டேன்" என்றாள் அம்மா. "அதுக்கு மொத நாளு மாமனாரு இவ வச்ச ரசத்தக் குடிச்சிட்டு, இனிமே சின்னவளே சமைக்கட்டும்னு சொன்னாரு. அடுப்பு இவளுக்குப் போனா நான் கரும்புக்குப் போவணும். மாசமா இருந்தேன். மொத ரெண்டு கொழந்த தங்கல." இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள். "இவ வயித்துல இருந்தா."

இந்த இடத்தை எழுதுவதற்கு இருவரிடமும் கேட்டுவிட்டேன். "புக்குதானே, எழுதிக்கோ, அத எவ படிக்கப் போறா" என்று சித்தி சொல்லிவிட்டாள். அம்மா சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

சித்தி கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கீழே கிடந்த குடத்தை எடுத்து நசுங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றாள் அம்மா.

"ருசி பாத்துட்டுத்தானே எறக்குனேன். எறக்கும்போது நல்லாதான் இருந்துச்சி. அடுப்புகிட்ட உன்னயும் என்னயும் தவுர யாரு இருந்தா?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. "ஏன்டி அப்பவே சொல்லல?"

"வயித்தத் தள்ளிக்கினு நின்ன. சொல்லி இன்னா ஆவப்போவுது" என்றாள் சித்தி. "எனக்கும் அந்த அடுப்புகிட்ட வேவறது புடிக்கல, வுடு." கடைசி வார்த்தை நிஜமா, அம்மாவுக்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரையே கூட்டிப் பேசுகிற ஒரு பெண் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முப்பது வருஷமாகப் பேசாமல் வைத்திருந்தாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தமில்லாமல்தான் அழுதாள், அதிலும் அவள் மாறவில்லை. அவளை அந்தக் கோலத்தில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கிண்ணத்தை எடுத்துவந்து, சித்தியின் கையை இழுத்து மடியில் வைத்துக் கோடு கோடாகத் தடவினாள். சித்தி எரியுது எரியுது என்று திட்டிக்கொண்டே காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எனக்குள் இருந்த வசனகர்த்தா முழித்துக்கொண்டாள். ஆபீசுக்குப் போன் போட்டேன். "ஒரு ட்விஸ்ட்: பாலில் விஷம் கலந்தது சட்டை இல்லை. பொட்டேதான் கலந்து, குடிக்கிற மாதிரி நடித்து, பழியைச் சட்டை மேல் போட்டாள். சட்டைக்கு அது தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை" என்றேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். இப்படி ஒரு திருப்பம் இந்த நேரத்தில் எந்த சேனலிலும் வந்ததில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார்கள்.

கால் தரையில் பாவாமல் பின்பக்கம் ஓடினேன். சித்தி வேலைக்குக் கிளம்பி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாரமே உன் ஆட்கள் எல்லோரும் உன்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள், நீதான் மறுபடி ராணி என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "வேணாம்" என்றாள்.

"ஏன் சித்தி? நடந்ததுதானே?"

"மெதுவா பேசு" என்று என் வாயைப் பொத்தினாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே அம்மா பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. "ஊரே உங்கம்மாவத்தான் பொட்டுக்காரின்னு கூப்புட்டுக்கினு இருக்குது. நாளைக்கு இவளுங்க அவ கையால தண்ணி வாங்கிக் குடிப்பாளுங்களா?"

"உன் டீயையும்தானே கேலி பண்ணினாங்க, அது மட்டும் பரவாயில்லையா?"

"என்னச் சொன்னா நான் திருப்பிக் கேப்பேன். இன்னிக்கே போயி கேக்கறேன் பாரு, ஒருத்தி நிக்க மாட்டா" என்றாள் சித்தி. "உங்கம்மாவுக்குத் திட்டத் தெரியாதுடி."

ஆபீசுக்குப் போன் போட்டு, அந்தத் திருப்பம் வேண்டாம் என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. தொடரில் இன்றுவரை விஷம் வைத்தவள் சட்டைதான்.